வெயிட்டு ஜாஸ்தி

என் கடைத் தராசில் குங்குமப்பூ நிறுத்திருக்கிறேன். கோரோசனை நிறுத்திருக்கிறேன். கரியாலூரிலிருந்து வரும் மலைத்தேனைப் பாட்டிலோடு வைத்து, பாட்டிலின் எடையைக் கழித்து நிறுத்திருக்கிறேன். ஆனால் ஸ்க்ரூ ஆணியை நிறுக்கச் சொல்லி வந்தவள் இந்த ஜென்மத்தில் அவள் ஒருத்திதான்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலிருந்து பிரிகிற சந்தில் எங்கள் நாட்டு மருந்துக் கடை. முன்னால் கடை, பின்னால் நாங்கள், மாடியில் ஒற்றை அறை. அந்த அறைக்குத்தான் அவள் குடிவந்தாள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாக இருப்பாள். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பாள். தானே எடுத்து, தானே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் வீடியோக்காரம்மா. அவளுக்கு நான் யக்கா.

கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து வந்தாள். உள்ளங்கையைத் திறந்தாள். எறும்பு முட்டை மாதிரி நாலைந்து ஸ்க்ரூ.

"யக்கா, இத்த கொஞ்சம் போட்டுப் பாருங்க."

"இது மருந்து நிறுக்கிற தராசும்மா. பழைய இரும்புக் கடை மூலைல இருக்குது, அங்க போ."

அவள் போகவில்லை. சுக்கு வாங்க வந்தவரும் கடுக்காய் வாங்க வந்தவரும் என்னைப் பார்க்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். தராசில் தெரிந்த எண்ணைப் பார்த்து, யாரோ செத்துப்போன செய்தி கேட்டதைப் போல முகத்தைச் சுளித்தாள்.

"வெயிட்டு ஜாஸ்தி" என்றாள். பாதி ஸ்க்ரூவைக் கல்லா ஓரமாக ஒதுக்கினாள். "இது இல்லாம ஓடுமா ஓடாதா? ஓடும். அவ்ளோதான்." மீதியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒதுக்கிய ஸ்க்ரூக்களை நான் பெருக்கித் தள்ளினேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிட்டது.

எல்லோரும் வீட்டில் பொருள் சேர்ப்பார்கள். அவள் கழிப்பாள். அறையில் ஒரு பாய், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தட்டு, ஒரு டம்ளர். விருந்தாளி வந்தால் டம்ளருக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். "அவங்க குடிச்சப்புறம் நான் குடிக்கிறேன்" என்றாள். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டி வைத்திருந்தாள். பொங்கலுக்கு ஆசையாக ஒரு பாட்டில் தேன் எடுத்துக்கொண்டு படியேறினேன். ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லி, பாட்டிலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வெயிட்டு ஜாஸ்தியாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! தேனில் என்னடி வெயிட்டு என்று படியிறங்குகிறவரை திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பேச்சிலும் அப்படித்தான். வணக்கம், சாப்ட்டீங்களா, பசங்க நல்லாருக்காங்களா, எதுவும் கிடையாது. வந்தால் நேராக விஷயம். போகும்போது போய்ட்டு வரேன்கூடக் கிடையாது. திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டாள்.

அவள் எடுத்த கல்யாண வீடியோவுக்கும் இதே கதி. ஊரில் மற்றவர்கள் மூன்று மணி நேரம் கொடுப்பார்கள். இவள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவாள். மாடியைத் தேடி வருகிற சண்டைகள் எல்லாம் என் கடை வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஒருநாள் தியாகதுருகத்திலிருந்து ஒருவர் வந்து நின்று கத்தினார்.

"எங்க சித்தப்பா சாப்பிடுறதே வரலம்மா! பாயசம் ஊத்திக்கினு இருக்கும்போது நீ கேமராவ புடிச்சத நான் பாத்தேன்!"

"அவரு சாப்ட்டாரு இல்ல?"

"சாப்ட்டாரு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனுஷனுக்கு நான்தான் ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஆனாலும் சொல்ல வேண்டும், அவள் வெட்டிக் கொடுத்த வீடியோவை ஆரம்பித்தால் எழுந்திருக்க முடியாது. பொண்ணு மணவறையில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் அம்மாவைத் தேடுகிற அந்த ஒரு நொடி, எங்கிருந்துதான் பிடிப்பாளோ, அது இருக்கும்.

அவள் வீட்டுக்காரரைப் பற்றி நான் ஒரே ஒருமுறை கேட்டேன். "வெயிட்டு ஜாஸ்திக்கா. எடுத்துட்டேன்" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யாரும் இல்லாதபோது வந்து, தராசுத் தட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். தன் கல்யாண வீடியோவைத் தானே உட்கார்ந்து வெட்டினாளாம். வேண்டாதவர்களை எடுத்தாள். பொய்யாய்ச் சிரித்ததை எடுத்தாள். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. "வெட்டிக்கினே வந்தேங்க்கா. கடைசில தாலி கட்றது மட்டும் நின்னுது. அதுவும் இல்லாம ஓடும்னு தோணுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்க்ரூ எதற்கென்று சொல்லவில்லையே. அப்போது இந்தப் பக்கத்தில் டிரோன் என்ற பேரையே யாரும் கேட்டதில்லை. சினிமாவில் வருகிற மாதிரி மேலேயிருந்து ஊர்வலத்தைக் காட்ட முடியுமா என்று யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் அவளிடம் கேட்டுவிட்டார். அவர் கேட்டதை மறந்தே போயிருப்பார். இவள் மறக்கவில்லை. சென்னைக்குப் போய் ஒரு ரிமோட், ஒரு சின்ன மோட்டார், ஒரு பேட்டரி வாங்கிவந்தாள். பிரிட்ஜ் வருகிற தெர்மகோலைத் தெருவில் பொறுக்கி ரெக்கை செய்து ஒரு குட்டி விமானம் கட்டினாள். என் வீட்டு முறத்தைவிடக் கொஞ்சம் அகலம். அது பறந்தது. ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஏரியில் நானே பார்த்தேன், கொக்கு மாதிரி ஜோராய்ப் பறந்தது.

கேமராவை வைத்ததும் படுத்துவிட்டது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது என் தராசுக்குப் பிடித்த சனி. கேமராவின் மேலோட்டைக் கழற்றிக்கொண்டு வந்து நிறுத்தாள். அடுத்து படம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம் அடிக்கிற பல்பைக் கழற்றினாள். உயிரோடு கோழியை உரித்த மாதிரி அந்தக் கேமரா என் கல்லாமேல் கிடந்தது. "இன்னும் படம் எடுக்குமாடி இது?" என்றேன். "எடுக்குது, பாருங்க" என்று என் மூஞ்சிக்கு நேராய் நீட்டினாள். பேட்டரிமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். ரெக்கைக்கு அடித்திருந்த பெயிண்டைத் துடைத்தாள். கடைசியில் விமானத்தின் சக்கரங்களையும் கழற்றிவிட்டாள்.

"சக்கரம் இல்லாட்டி எப்படிம்மா ஏறும்?"

"கையால வீசுவேன்."

"இறங்கறது?"

"வயித்தால சறுக்கிக்கும்."

எடை குறைந்தால் போதாதாம். கேமரா எந்த இடத்தில் உட்கார்கிறது என்பதும் கணக்காம். இரண்டு ரெக்கைக்கும் அடியில் ஆள்காட்டி விரலைக் கொடுத்து நிறுத்திப் பார்ப்பாள். மூக்கு தொங்கினால் பேட்டரியைப் பின்னால் தள்ளுவாள். மோட்டார் ஆட்டத்தில் படம் கூழ் மாதிரி நெளிகிறதென்று, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டிக் கேமராவுக்கு மெத்தை போட்டாள். அது ஒன்றுதான் அவள் கூடுதலாகச் சேர்த்தது. சேர்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெத்த பிள்ளையை விற்கிற மாதிரி இருந்தது.

கல்வராயன் மலைக்குப் புது ஜோடி ஒன்றைப் படம் எடுக்கப் போனபோது விமானத்தையும் எடுத்துப் போனாள். கரியாலூர் பக்கம் அருவிக்கு மேலே வீசியிருக்கிறாள். மலைக்காற்று கேட்குமா? தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தின் உச்சியில் மாட்டிவிட்டது. எனக்குத் தேன் கொண்டுவருகிறவர்தான் ஏறி எடுத்துக் கொடுத்தாராம். மறுநாள் எனக்குப் போட்டுக் காட்டினாள். பறந்தது கொஞ்சம்தான், மரத்தில் மாட்டிக்கொண்டு இலையைப் படம் எடுத்ததே அதிகம். ஒரு குரங்கு வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று இருந்தது. கீழே சரிவில் சாமை வயல், ஒரு வீட்டுக் கூரை, முற்றத்தில் காயப் போட்ட மரவள்ளிக் கிழங்கு, அதன் நடுவில் ஒரு பெண் முகத்தை நிமிர்த்தி நேராக எங்களைப் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து வீடுகளை வாசலிலிருந்து பார்த்தவள். கூரையிலிருந்து பார்த்ததில்லை. யாருடைய முற்றம் எங்கே முடிகிறது, யாருடைய வயல் எங்கே தொடங்குகிறது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தாம்மா" என்றேன். "எங்க நெலத்த இப்படிப் பாக்க முடியுமா?"

எங்கள் வீட்டுத் தலைவலி அப்போதே அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கும் என் மூத்தாருக்கும் அடுத்தடுத்துக் கரும்பு நிலம். மாமனார் பிரித்துக் கொடுத்தபோது நடுவில் நேராக ஒரு வரப்பு. வடக்கே அண்ணன், தெற்கே தம்பி. எங்கள் மோட்டார் கொட்டாய் மேற்குக் கோடியில் ரோட்டோரம்; மூத்தாருடைய மோட்டார் கொட்டாய் கிழக்குக் கோடியில். வரப்பை நகர்த்தி நகர்த்தி எங்கள் நிலத்தைத் தின்கிறார் அண்ணன் என்று இவர். தன் நிலத்தைத் தின்கிறான் தம்பி என்று அவர். சர்வேயரைக் கூப்பிட்டால் சந்தி சிரிக்கும் என்று இருவருக்கும் கௌரவம். இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்காய்ப் போய்விட்டது.

நானும் என் ஓரகத்தியும் என்ன பாவம் செய்தோம்? சந்தை நாளில் அவள் கடைக்கு வருவாள். யாராவது பார்த்தால் சுக்கு வாங்க வந்தவள். சுக்குப் பொட்டலத்தை மடிக்கிற நேரத்துக்குள் நாங்கள் பேச வேண்டியதைப் பேசிக்கொள்வோம். அவள் வீட்டில் என் கடைச் சுக்கு மூட்டைக்கணக்கில் கிடக்கும்.

அந்த வருஷம்தான் என் மகளுக்கு உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை முடிவானது. எங்கள் வழக்கத்தில் பொண்ணுக்குப் பெரியப்பா இருந்தால் அவர்தான் பந்தக்கால் நட வேண்டும். வேறு யார் நட்டாலும் அது கால் இல்லை, கம்பு. என் மகளோ பெரியப்பாவின் டிராக்டரில் உட்கார்ந்தே வளர்ந்தவள்.

"அவன் என் நெலத்த வுட்டாத்தான் பத்திரிக்க வெப்பேன்" என்றார் இவர்.

"வரப்ப அவன் ஒதுக்கி வெக்கட்டும், அப்புறம் வரேன்" என்று அங்கிருந்து சேதி.

"பெரிப்பா வரலன்னா எனக்கு மணவறையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கெளம்பி ஆஸ்டலுக்கே போறேன்" என்று மகள். சொன்னால் செய்வாள், என் வயிற்றில் பிறந்தவள்.

அதனால்தான் வீடியோக்காரம்மாவிடம் கேட்டேன். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கரும்பு எவ்ளோ ஒசரம்?"

இவரிடம் சொன்னதும், "எடுக்கட்டும், எடுக்கட்டும். அவன் யோக்கியத ஊருக்குத் தெரியட்டும்" என்று குஷியாகிவிட்டார். அடுத்த சந்தையில் சுக்குப் பொட்டலத்துக்குமேல் ஓரகத்தியும் நானும் மீதித் திட்டத்தைப் போட்டோம். விமானம் விடுகிற அன்றைக்குக் காலையில் அவள் தன் வீட்டுக்காரர் காதில், "உங்க தம்பி ஏதோ பிளேன் வுட்டு நம்ம நெலத்த படம் புடிக்கிறாராம்" என்று போட்டுவிட வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். வந்தார்.

நாங்கள் மேற்கே ரோட்டோரம் நின்றோம். நான் விமானத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். ஒரு எலுமிச்சம் பழத்தையும் நூலில் கட்டலாம் என்று எடுத்தேன்.

"பொட்டு போதுங்க்கா. பழம் வெயிட்டு ஜாஸ்தி."

அவள் நாலடி ஓடிப்போய் வீசினாள். அது ஒரு தடவை தாழ்ந்தது, என் உயிரே போனது, பிறகு ஏறியது. கரும்புப் பூக்களுக்குமேல் நிமிர்ந்து கிழக்கே போய்ச் சின்னதாகித் திரும்பியது. கிழக்குக் கோடியிலிருந்து மூத்தாரின் சத்தம் கேட்டது. "என் நெலத்து மேல எவன்டா அவன்! எறக்குடா கீழ!" இவர் இங்கிருந்தே, "எறங்கும்போது எறங்கும்!" என்று கத்தினார். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

போய் வந்து, போய் வந்து, மூன்றாம் சுற்றில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. விமானம் பேசாமல் சரிந்து இரண்டு நிலத்துக்கும் நட்டநடுவில் கரும்புக்குள் விழுந்தது.

"இன்னாச்சு?" என்றேன்.

"பேட்டரி தீந்துபோச்சு" என்றாள், நகத்தைக் கடித்துக்கொண்டு. "சின்ன பேட்டரியா போட்டேன். பெருசு…"

"சொல்லாத! வெயிட்டு ஜாஸ்தி!" என்று நான் பல்லை நறநறவென்று கடித்தேன். "இப்ப படம்?"

"கேமரா கெடைச்சாத்தான் படம்."

அதைக் கேட்டதும் இவருக்குப் பகீரென்றது. கேமரா அண்ணன் கையில் கிடைத்தால் உடைத்துப் போட்டுவிடுவாரே! கரும்புச் சோகை முகத்தைக் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் வரப்பில் இறங்கி ஓடினார். அந்தப் பக்கம் அவருக்கும் அதே பயம். தம்பி எடுத்து ஒளித்துவிட்டால்? அவரும் கிழக்கேயிருந்து வரப்பில் இறங்கிவிட்டார். கரும்புக்குள் இரண்டு பக்கமும் சலசலப்பு நடுவை நோக்கிப் போவது மட்டும் தெரிந்தது. ஓரகத்தி ரோட்டைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தாள். சுக்குப் பொட்டலம் இல்லாமல் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டது எத்தனையோ காலத்துக்குப் பிறகு. நடுவில் சலசலப்பு நின்றது. ஐயோ, அடித்துக்கொண்டார்களோ என்று நாங்கள் ஓடப் பார்த்தோம்.

இரண்டு பேரும் எங்கள் பக்கமாக, ஒருவர் பின்னால் ஒருவராக வெளியே வந்தார்கள். மூத்தார் கையில் ஒரு ரெக்கை. இவர் கையில் கேமராவோடு உடம்பு. தன் கையில் இருந்ததை மற்றவரிடம் நம்பிக் கொடுக்க இருவருக்கும் மனசில்லை. முகமெல்லாம் சோகை கீறிய கோடுகள்.

மோட்டார் கொட்டாய்க்குள் லேப்டாப்பை வைத்துப் படத்தைப் போட்டாள். மூத்தார் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். ஓட்டி ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். அண்ணன் கரும்பு பூத்து வெளிறிக் கிடந்தது. எங்களுடையது இன்னும் கருத்த பச்சை. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வராது. ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதனால் வரப்பை முழுசாக ஒரே பார்வையில் யாருமே பார்த்ததில்லை. இப்போது இரண்டு பச்சைக்கும் நடுவில் தெரிந்தது.

வரப்பு கோணலாய்க் கிடந்தது. மேற்குக் கோடியில் எங்கள் நிலத்துக்குள் வந்திருந்தது. இவர் சொன்னது சத்தியம். கிழக்குக் கோடியில் அவர்கள் நிலத்துக்குள் போயிருந்தது. அவர் சொன்னதும் சத்தியம். அவரவர் கொட்டாயில் நின்று அவரவர் கோடியை மட்டும் பார்த்து, அவரவர் வயிற்றெரிச்சலை வளர்த்திருக்கிறார்கள். இங்கே போனது அங்கே இருந்தது. அங்கே போனது இங்கே இருந்தது.

வீடியோக்காரம்மா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஸ்க்ரூவைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"இந்த வரப்பு இல்லாம ஓடாதா?"

"இன்னாது?" என்றார் மூத்தார் வாசலிலிருந்து. "வரப்பு இல்லாம எப்படிம்மா தண்ணி கட்றது?"

"அதானே!" என்றார் இவர். "மேடெல்லாம் காஞ்சி கெடக்கும், பள்ளத்துல தண்ணி நிக்கும். எடுத்துடலாமாம் எடுத்து!"

"நட்ட கரும்புக் கரணை அழுகிப் போயிடும்மா!"

"ஒரம் பூரா ஒரே பக்கம் ஓடிப்போயிடும், சொல்லுண்ணா!"

"வரப்ப எடுக்கிறாளாம், கேமராவ கழட்டுற மாதிரி!"

இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். அவள் உடைந்த ரெக்கையை வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இவர் வாயிலிருந்து அண்ணா என்று வந்துவிட்டதை முதலில் கவனித்தது ஓரகத்தி. என் கையை நெரித்தாள். அடுத்து அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மூத்தார் உள்ளே வந்தார். திரையில் ஒரு விரலை வைத்தார்.

"இது மோட்டார் தண்ணி வந்து மோதுற எடம்டா" என்றார் மெதுவாக. "கரை அரிச்சிடும்னு வருஷா வருஷம் நீயே உன் பக்கம் மண்ண அணைச்சிருப்ப. அங்க நான் அணைச்சேன். அந்தாண்ட இருக்கிறவன் புல்லு செதுக்கும்போது அவன் பக்கம் செதுக்கினே வந்துட்டான். வரப்பு நடந்து வந்துடுச்சு."

"நாமளே தள்ளிக்கினோமா?" என்றார் இவர்.

"நாமளேதான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். "ஏன் மாமா, பந்தக்கால் யாரு நடறது?" என்று அந்த அழுகையோடேயே கேட்டுவிட்டேன்.

"வேற எவன் நடுவான்? நான் செத்தா பூட்டேன்?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன். "சண்டைய மாத்திவிடத்தானே அப்படிக் கேட்ட? கெட்டிக்காரிடி நீ."

"இல்லக்கா" என்றாள். "நெசமாத்தான் கேட்டேன். இல்லாமலே ஓடும்னுதான் இன்னும் தோணுது."

அந்தப் போகம் இரண்டு பக்கமும் வெட்டி முடிந்ததும் அண்ணனும் தம்பியும் கோடிக்கு ஒருவராய்க் கயிறு பிடித்து வரப்பை நேராக்கினார்கள். கல்யாணம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. மூத்தார் பந்தக்கால் நட்டார். ஆழம் பத்தவில்லை என்று இவர் சொல்ல, எனக்குத் தெரியும்டா என்று அவர் சொல்ல, நானும் ஓரகத்தியும் ஊரறிய உரக்கப் பேசிக்கொண்டு இட்லிக்கு மாவு கரைத்தோம். வீடியோ அவள்தான். விமானம் ரெக்கை முறிந்து கடையில் என் தலைக்குமேல் ஆணியில் தொங்கியது, இன்றைக்கும் தொங்குகிறது.

அந்த வீடியோவைத்தான் சொல்ல வந்தேன். கொடுத்த அன்றே குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். வழக்கம்போலக் கழித்திருந்தாள். என் நாத்தனார் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறாள், இன்றுவரை குறை சொல்கிறாள். மந்திரம் பாதி இல்லை. சாப்பாட்டுப் பந்தி கண்ணிமைக்கிற நேரம்தான். எல்லாம் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பிட்டு முடித்து அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசவில்லை. பின்னால் யாரோ அண்டாவை உருட்டிக்கொண்டு போகிறார்கள். மூத்தார் வெற்றிலையை மென்றபடியே கண்ணயர்கிறார். தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து தம்பியின் தோளில் வந்து நிற்கிறது. இவர் அசையவே இல்லை. கையில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டவில்லை. அப்படியே இருக்கிறார். ஓடிக்கொண்டே இருக்கிறது. டீ குடித்து முடித்தோம், இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. என் மகள்தான் முதலில் விசும்பினாள். மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார், பின்னாலேயே இவரும் போனார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவள் மாடியைக் காலி செய்தாள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ஒரே ஒரு பையோடு கடைக்கு வந்து சாவியைக் கல்லாமேல் வைத்தாள். இந்தத் தடவையும் சொல்லாமல் போய்விடுவாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஊர்ல இருக்கிறவங்க சித்தப்பனையெல்லாம் வெட்டினியே, இவங்க ரெண்டு பேரு சொம்மா குந்தினு இருக்கிறத மட்டும் ஏன் அவ்ளோ நேரம் வுட்ட?"

அவள் தராசுத் தட்டைச் சுரண்டினாள்.

"வெட்டித்தான் பாத்தேங்க்கா. கொஞ்சம் எடுத்தேன், திருப்பி வெச்சேன். வேற எடத்துல எடுத்தேன், திருப்பி வெச்சேன். அது இல்லாம ஓடல."

அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் கடையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேன் எடுத்தேன். இருப்பதிலேயே பெரிய பாட்டில். வேண்டுமென்றேதான் பெரியதாக எடுத்தேன். தராசில் வைக்காமல் நேராக அவள் முன்னால் நீட்டினேன். சொல்லுவாள், வழக்கமாய்ச் சொல்லுகிறதைச் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கையாலும் வாங்கினாள். பையைத் திறந்து, துணியை ஒதுக்கி, பாட்டில் ஆடாமல் நடுவில் வைத்து மூடினாள்.

"போய்ட்டு வரேங்க்கா" என்றாள்.